மழையைப் பற்றி எழுதிய அண்ணன்

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நான், வீட்டுக்காரர், மகள் மூவரும் சுகம். நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணியின் முட்டிவலி தேவலையா?

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை வந்துவிடுகிறது, இனிமேல் கடிதம்தான் என்று நீ சொன்னபோது சிரித்தேன். யோசித்துப் பார்த்தால் நல்ல ஏற்பாடுதான். காகிதத்தில் நான் பேசும்போது நீ கொட்டாவி விட முடியாது. நான் வாயாடி என்று உனக்குத் தெரியும், நீ கல்லுளிமங்கன் என்று எனக்குத் தெரியும். ஆளுக்குத் தகுந்த மாதிரி எழுதிக்கொள்வோம்.

போன வாரம் வந்தபோது என் கையிலிருந்து எடுத்துப் போன ரத்தம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததா? ஊசி குத்தினதே தெரியவில்லை. சர்க்கரை வந்த இந்தப் பதினோரு வருடத்தில் எத்தனையோ நர்சுகள் நரம்பைத் தேடுகிறேன் என்று என் கையைச் சல்லடையாக்கியிருக்கிறார்கள். ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்க்கிற அண்ணன் இருப்பதில் ஒரு லாபமாவது இருக்கிறது. குழாயில் என் பெயரை எழுதாமல் வெறும் எண்ணை மட்டும் எழுதினாயே, அதுதான் மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது. "எல்லாருக்கும் நம்பர்தான். ஆனா உன் நம்பர் எனக்கு மறக்குமா?" என்றாய். சரி, போகட்டும்.

அடுத்த ரத்தமெல்லாம் இங்கே ஹெல்த் சென்டரிலேயே எடுத்து உனக்கு அனுப்புவார்களாம். அங்கே டாக்டரம்மா ஒரு கத்தைக் காகிதத்தை நீட்டி, "படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றார். "எங்கண்ணன் படிச்சிருப்பான், நான் வேற எதுக்கு?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அப்பா லாரியில் போனால் வாரக்கணக்கில் வரமாட்டாரே, நினைவிருக்கிறதா? "தகவல் வரலேன்னா நல்லா இருக்கேன்னு வெச்சுக்கங்க" என்பார். அம்மா அதை நம்பித்தான் நிம்மதியாகத் தூங்கினாள். என் ரத்தத்துக்கும் அதே கணக்கு. நீ ஒன்றும் சொல்லவில்லை என்றால் எல்லாம் சரி என்று வைத்துக்கொள்வேன்.

பேக்டரியில் இன்னும் காலர் பிரிவுதான். நாள் முழுக்கக் குனிந்து தைத்துத் தோள்பட்டையும் இடுப்பும் விட்டுப்போகின்றன. முதலுதவி அறையில் வலி மாத்திரை கேட்டால் கொடுக்கிறார்கள். போட்டால் சாயங்காலம் வரை ஓடுகிறது. அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை


பிப்ரவரி 27

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தை அண்ணிக்கும் படித்துக் காட்டினேன். கல்லுளிமங்கன் என்ற இடத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது.

நீ காகிதத்தைப் படிக்காததால் நானே சொல்கிறேன். சர்க்கரை உள்ளவர்களில் சிலருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போகிறது, சிலருக்கு எத்தனை வருடம் ஆனாலும் ஒன்றும் ஆவதில்லை. ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. கெடுவதற்கு ரொம்ப முன்பே ரத்தத்தில் சில புரதங்கள் ஏறுகின்றனவா என்று பார்க்கிறோம். உடம்புக்குள் அழற்சி இருக்கிறது என்று காட்டுகிற புரதங்கள் அவை. வெளியே தெரியாமல் உள்ளே புகைந்துகொண்டிருக்கிற புண் மாதிரி என்று வைத்துக்கொள். வழக்கமான சோதனைகள் எல்லாம் சரி என்று சொல்லும்போதே இவை காட்டிக்கொடுத்துவிடும் என்று எங்கள் தலைமை டாக்டர் நம்புகிறார்.

உன் குழாய் உறைபெட்டியில் மூன்றாவது தட்டில் இருக்கிறது. எல்லாக் குழாயும் என் கையைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். நீ கவலைப்படாதே, பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன்.

மகளை நன்றாகப் படிக்கச் சொல். மாப்பிள்ளைக்கு என் அன்பு.

உன் அண்ணன்


ஜூன் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

அனைவரும் நலம், உங்கள் நலம் அறிய ஆவல். கொஞ்சம் தாமதமாக எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஏற்றுமதி ஆர்டர் ஒன்று வந்து எல்லோரையும் பிழிந்து எடுத்துவிட்டது.

இந்த வாரம் ஹெல்த் சென்டரில் மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். ஐஸ் பெட்டியில் வைத்து மூடும்போது, "எங்கண்ணன்கிட்ட நான் கேட்டேன்னு சொல்லு" என்று குழாயிடம் சொன்னேன். நர்சு என்னை மேலும் கீழும் பார்த்தாள். அங்கே எடுக்கிற சாதாரண சோதனையெல்லாம் சரியாக இருக்கிறதாம். உன் பக்கத்திலிருந்தும் சத்தம் இல்லை. அப்பா கணக்குப்படி நான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். பக்கத்து மெஷின்காரி ஒருத்தி இருக்கிறாள், ஊரில் உள்ள வியாதியெல்லாம் அவளுக்கு அத்துப்படி. நான் மாத்திரை போடுவதைப் பார்த்து, "தினமும் வலி மாத்திரை முழுங்கறியே, சக்கரை வேற இருக்கு, கிட்னி போயிடும்டி" என்கிறாள். அவள் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. போன மாதம் வெள்ளரிக்காய் சாப்பிட்டால் காது கேட்காது என்றவள் அவள். ஆனாலும் மனசில் ஒரு முள். நீ சொல் அண்ணா, தினமும் வலி மாத்திரை போடலாமா? நீ வேண்டாம் என்றால் இன்றைக்கே நிறுத்திவிடுகிறேன். வலித்தால் வலிக்கட்டும், காலர் பிரிவை விட்டு மடிக்கிற பிரிவுக்கு மாற்றிக் கேட்டுக்கொள்வேன். கூலி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

மறக்காமல் பதில் போடு.

உன் தங்கை


ஜூலை 30

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். அங்கே அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே விடாத மழை. எங்கள் கட்டடத்தின் கூரை ஒழுகி, மெஷின்களுக்கு மேலே பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டிவிட்டு வேலை பார்க்கிறோம். மழை நின்றாலும் உள்ளே சொட்டு நிற்பதில்லை. வாளி வைக்க இடமில்லாமல் தலைமை டாக்டரின் தேநீர்க் கோப்பையைக்கூட வைத்துப் பார்த்தோம். வீட்டிலும் படுக்கையறைச் சுவர் ஊறிவிட்டது. இரண்டு நாள் பஸ் ஓடவில்லை, கணுக்கால் தண்ணீரில் நடந்தே போனேன்.

அண்ணி முட்டிக்கு ஏதோ எண்ணெய் தேய்க்கிறாள். வீடு முழுக்க அந்த வாசம்தான்.

உனக்குக் கால் வீங்குகிறதா? சாயங்காலம் செருப்பு இறுக்குகிறதா? சும்மாதான் கேட்கிறேன். தண்ணீர் ஒழுங்காகக் குடி. மகளுக்கு என் ஆசீர்வாதம்.

உன் அண்ணன்


ஆகஸ்ட் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உங்கள் வீட்டுச் சுவர் காய்ந்ததா?

தேநீர்க் கோப்பைக் கதையைப் படித்து மகள் உருண்டு உருண்டு சிரித்தாள். நீ இவ்வளவு நீளமாக எழுதி நான் பார்த்ததே இல்லை. மழைக்கு உன் வாயையும் திறக்கத் தெரிந்திருக்கிறது.

என் கால் வீங்கவில்லை, செருப்புதான் பிய்ந்துவிட்டது. மாத்திரையைப் பற்றி நீ ஒன்றும் சொல்லாததால் பக்கத்து மெஷின்காரியின் வாயை அடைத்துவிட்டேன். "எங்கண்ணன் ஆராய்ச்சியில இருக்கான், என் ரத்தம் அவன் கையிலதான் இருக்கு. தப்புன்னா சொல்ல மாட்டானா?" என்று கேட்டேன். அவள் திரும்பி நூல் கோக்கப் போய்விட்டாள். மடிக்கிற பிரிவுக்கும் போகவில்லை. அடுத்த வருடம் மகள் கல்லூரியில் சேர வேண்டும், காலரிலேயே இருக்கிறேன்.

இப்போது ஓவர்டைம் இருப்பதால் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று போட்டுக்கொள்கிறேன். வண்டி ஓடுகிறது.

உன் தங்கை


டிசம்பர் 3

அன்புத் தங்கைக்கு,

நான் நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். மாப்பிள்ளையின் கைக்கட்டை எப்போது பிரிப்பார்கள்? இனிமேலாவது ஈரச் சாலையில் வண்டியை விரட்ட வேண்டாம் என்று சொல். அவரைப் பார்க்க வந்த சாக்கில் உங்கள் எல்லோரையும் பார்த்தது மனதுக்கு நிறைவாக இருந்தது.

நீ ரொம்ப இளைத்திருக்கிறாய். முகம் மட்டும் காலையில் உப்பியிருக்கிறது. முடிந்தால் கொஞ்ச நாள் லீவு போடு.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று வந்தேன். பேச நேரமே கிடைக்கவில்லை. பெரிதாக ஒன்றுமில்லை, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன் அண்ணன்


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

மற்றவர்கள் நலம். எனக்குத்தான் உடம்பு சரியில்லை. நீ பயப்பட வேண்டாம், உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

போன மாதம் முதல் இரண்டு காலும் வீங்கிக்கிடந்தன. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. சிறுநீரில் சோப்பு கரைத்த மாதிரி நுரை. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல். பேக்டரியில் மயங்கி விழுந்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கிரியாட்டினின் என்று ஒன்று பார்த்தார்கள், சிறுநீரில் புரதம் பார்த்தார்கள். சிறுநீரக டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. நல்ல சேதி சொல்கிற டாக்டர் நின்றுகொண்டேதான் சொல்வார்.

"ரெண்டு கிட்னியும் சேந்து பாதி வேலைகூடச் செய்யலம்மா. வலி மாத்திரை ஏதாவது போடுவீங்களா?" என்று கேட்டார். தினம் இரண்டு என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "எவ்ளோ நாளா?" என்றார். அவருடைய அந்தக் குரலை என்னால் எழுதிக் காட்ட முடியவில்லை.

எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை அண்ணா. உன்னிடம் வந்த என் ரத்தமெல்லாம் நன்றாகத்தானே இருந்தது? ஒன்றென்றால் நீ சொல்லியிருப்பாயே. இங்கே மெஷின் கோளாறாக இருக்குமோ என்று வீட்டுக்காரர் சொல்கிறார். உன் தட்டில் இருக்கிற குழாயை எடுத்து ஒருமுறை பார்த்துச் சொல். உன் வார்த்தை வந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

உன் தங்கை


ஏப்ரல் 21

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கண்டு நானும் அண்ணியும் துடித்துப்போனோம். சாப்பாடு இறங்கவில்லை.

வலி மாத்திரையை இந்த நிமிடமே நிறுத்து. இனி ஒன்றுகூடத் தொடாதே. உப்பைக் குறை. ரத்த அழுத்தத்தை வாரம் ஒருமுறை பார். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக் குடி. அவர் சொல்வதை அப்படியே கேள், அங்கே மெஷின் சரியாகத்தான் இருக்கும். சர்க்கரை ஏறாமல் பார்த்துக்கொண்டால் மிச்சம் இருக்கிற வேலையைப் பல வருடம் காப்பாற்றலாம்.

எங்கள் கூடத்துச் சோதனையில் வருகிற எண்களை ஆய்வு முடியும் முன் வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. அதைப் பற்றி இப்போது யோசிக்காதே. அடுத்த மாதம் அண்ணியை அனுப்பி வைக்கிறேன். எனக்கு லீவு கிடைக்கவில்லை.

உன் அண்ணன்


ஜூன் 2

அண்ணா,

அண்ணி வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனார். முட்டிவலியோடு எனக்குச் சமைத்துப் போட்டார், தலை வாரிவிட்டார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன், நீ அவரைத் திட்டக் கூடாது.

கிளம்புவதற்கு முந்தின நாள் என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே அழுதார். "அவர் அப்பவே சொன்னாரும்மா, உன் ரத்தத்துல ஏதோ ஏறிக்கிட்டே போகுதுன்னு. மருந்துல கட்டுப்படும்னுதான் நான் நினைச்சேன்." எப்போது அண்ணி என்று கேட்டேன். "கூரை ஒழுகிச்சே, அந்த மழை சமயத்துல." சொன்ன பிறகுதான், எனக்கு இது தெரியாது என்பது அவருக்குப் புரிந்தது. என் காலை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

அந்த மழை சமயத்தில் நான் உன்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். தினமும் வலி மாத்திரை போடலாமா என்று கேட்டேன். நீ வேண்டாம் என்றால் இன்றைக்கே நிறுத்துகிறேன் என்று எழுதினேன். நீ மழையைப் பற்றி எழுதினாய். வாளியைப் பற்றி எழுதினாய். நான் அதைப் படித்துச் சிரித்தேன், என் மகளும் சிரித்தாள்.

விதி என்று எழுதியிருந்தாய். அண்ணிக்குச் சொல்லும்போது அந்த விதி எங்கே போயிருந்தது? உன் மனப்பாரத்தை இறக்கி வைக்க உனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது, சொன்னாய். என் உடம்பு, என் ரத்தம், நீயே குத்தி எடுத்தது. எனக்கு மட்டும் விதி.

நவம்பரில் வந்தாயே, அதையும் நினைத்துப் பார்த்தேன். வீட்டுக்காரர் கட்டிலில் படுத்திருந்தார், நீ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய். நான் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் மாத்திரையைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரைத் தேடினேன். டம்ளரை எடுத்து நீட்டியது நீ. அப்போது உனக்கு எல்லாம் தெரியும். நான் விழுங்கிவிட்டு டம்ளரைத் திருப்பித் தரும்வரை எதிரிலேயே நின்றாய்.

நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று சொல்வார்களே, நான் இத்தனை நாள் அது யாரோ செய்வது என்று நினைத்திருந்தேன். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். உனக்கு ஒரு விரல்கூட ஆடவில்லை.

அப்பாவின் கணக்கை நான்தான் முட்டாள்தனமாக உன்னிடம் கொண்டு வந்தேன். அது லாரி ஓட்டுகிறவனுக்குச் சரி. அவருக்குச் சொல்ல வழியில்லாமல் சும்மா இருந்தார். உனக்கு வழி இருந்தது, தபால்தலை இருந்தது, நீளமாக எழுதவும் தெரிந்திருந்தது.

ஏன் என்று மட்டும் எழுது.


ஜூன் 20

அன்புத் தங்கைக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூடக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். வீக்கம் குறைந்ததா?

ஏன் என்று கேட்டாய். ஆய்வில் மூவாயிரம் பேர் இருக்கிறார்கள். அந்தப் புரத எண் உண்மையிலேயே எதையாவது காட்டுகிறதா என்று கண்டுபிடிக்கத்தான் ஆய்வே. ஏறினால் சிறுநீரகம் கெடும் என்று அன்றைக்கு யாருக்கும் உறுதியாகத் தெரியாது. உறுதியில்லாததைச் சொல்லி ஆளைக் கலங்கடிக்கக் கூடாது, யாருடைய மருந்திலும் நாங்கள் கை வைக்கக் கூடாது என்று முதல் நாளே எழுதி வாங்கிவிட்டார்கள். நீ கையெழுத்துப் போட்ட காகிதத்திலும் இருக்கிறது. ஒரு தங்கைக்குச் சொன்னால், மற்றவர்களும் யாருக்கோ தங்கைகள்தானே என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

மாத்திரையைப் பற்றி எழுத நான்கு முறை உட்கார்ந்தேன். நிறுத்து என்று எழுதினால் ஏன் என்று கேட்பாய். நீ விடமாட்டாய், எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவாய். பிறகு என் வேலை போகும், உன்னை ஆய்விலிருந்து நீக்கி உன் குழாய்களைக் குப்பையில் போடுவார்கள். அடுத்த ரத்தத்தில் தானாகக் குறைந்துவிடும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்தேன். குறையவில்லை. நவம்பரில் சொல்லத்தான் வந்தேன். நீ சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாய், என்னால் முடியவில்லை.

உன்னிடம் நியாயம் கேட்கவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். உனக்கும் எனக்கும் ஒரே ரத்த வகை. எனக்குச் சர்க்கரை இல்லை. இங்கே எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டேன், தரலாம் என்கிறார்கள். மாற்று வைக்க வேண்டிய நாள் வந்தால் என் சிறுநீரகம் உனக்குத்தான். அண்ணியும் சம்மதித்துவிட்டாள். உன் டாக்டரிடம் என்னைப் பற்றிச் சொல்லி வை.

ஒரு வரியாவது எழுது.

உன் அண்ணன்


ஆகஸ்ட் 5

அண்ணனுக்கு,

வீக்கம் குறைந்திருக்கிறது. பேக்டரியில் மடிக்கிற பிரிவுக்கு மாறிவிட்டேன். வலிக்கும்போது சுடுதண்ணீர்ப் பை வைத்துக்கொள்கிறேன். பக்கத்து மெஷின்காரி மத்தியானத்தில் வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். நான்தான் சொன்னேனே என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

உன் கடிதத்தைப் பல முறை படித்தேன். எண்ணைப் பற்றி நீ எழுதியதெல்லாம் நியாயமாகவே இருக்கலாம். எனக்கு அந்தப் படிப்பில்லை. ஆனால் நான் உன்னிடம் எண்ணைக் கேட்கவில்லை. மாத்திரையைப் பற்றித்தான் கேட்டேன். அதற்கு ஆராய்ச்சி வேண்டாம், மூலைக் கடை மருந்துக்காரரே சொல்லியிருப்பார். சர்க்கரை உள்ளவள் தினமும் வலி மாத்திரை விழுங்கக் கூடாது என்பது ஊருக்கே தெரிந்த சமாச்சாரம் என்று டாக்டர் சொல்கிறார். நான் மட்டும் யாரையும் கேட்கவில்லை. எனக்குத்தான் நீ இருந்தாயே.

இரண்டாவது மாத்திரையை நான் போட ஆரம்பித்தது உன் மழைக் கடிதத்துக்குப் பிறகுதான். அதைத் தெரிந்துகொள்.

போன வாரம் டாக்டரிடம் போனோம். "இருக்கறதக் காப்பாத்தலாம்மா. ஆனா என்னைக்காவது ஒருநாள் மாத்த வேண்டி வரும். இப்பவே கேட்டு எழுதி வெச்சுக்கறேன்" என்றார். மகள் முந்திக்கொண்டு, "நான் தரேன்" என்றாள். நீ வெளியே போய் உட்கார் என்று அவளை அனுப்பினேன். இருபது வயதுகூட ஆகாத பிள்ளை, அவளிடம் நான் வாங்கமாட்டேன். வீட்டுக்காரருக்கு ரத்த வகை சேரவில்லை.

"கூடப் பொறந்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

உன் கடிதம் என் கைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டலாம் என்றுதான் கொண்டு போயிருந்தேன். வீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ எனக்கு ஒன்று தந்தால், வாழ்நாள் முழுக்க உன்னை உள்ளே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். என்னால் ஆகாது என்று அந்த நாற்காலியில்தான் தெரிந்தது.

"யாரும் இல்லீங்க" என்றேன்.

டாக்டர் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.